எனக்குத் திருப்தி என்று கணினி சொன்னது

அரியலூர் சிமெண்ட் ஆலை ஒன்றில், லாரிகளுக்கு எடை போடும் அறையில் எனக்கு வேலை. வீடு பெரம்பலூரில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், இரண்டிலும் நின்றபடிதான். நான் வீடு போய்ச் சேர்வதற்குள், எல்.கே.ஜி. படிக்கும் மகளை மாமியார் கூட்டிவந்து சோறும் ஊட்டி முடித்திருப்பார். எங்கள் பெரம்பலூர் விற்பனை அலுவலகத்தில் ஓர் இடம் காலியானதும் மாற்றல் கேட்டேன். "இனிமே அம்மாதான் ஒன்னைய ஸ்கூல்லேர்ந்து கூட்டியாருவேன்" என்று மகளிடம் அவசரப்பட்டுச் சொல்லியும் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி மடிக்கணினியோடு வந்து இறங்கினார். வயதென்ன, கல்யாணம் ஆயிற்றா, கோபம் வருமா, வேலை பிடித்திருக்கிறதா என்று கேள்விகள். பதிலைத் தட்டினால் யார் எங்கே சந்தோஷமாக இருப்பார், எங்கே நன்றாக உழைப்பார் என்று அது சொல்லிவிடுமாம். கிளி ஜோசியக்காரருக்குக் கிளிக்கு நெல் போடுகிற செலவாவது உண்டு. இவருக்கு அதுவும் மிச்சம்.

எங்கள் பக்கத்தில் காய்ச்சலில் கிடந்தாலும் 'நல்லாருக்கேங்க' என்போம். பசியோடு போன வீட்டிலும் 'சாப்டாச்சுங்க' என்போம். கேட்டவர் மனசு நோகக்கூடாதல்லவா? அந்த மரியாதை மாறாமல் எல்லாவற்றுக்கும் 'மிகவும் திருப்தி' என்றே அழுத்தினேன். பயணம் களைப்பா? துளியும் இல்லை. மேலாளர் எப்படி? தங்கம்.

என் பக்கத்து நாற்காலிக்காரர் வேறு ரகம். வீடு ஆலையிலிருந்து நடக்கிற தூரம். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு வருகிற புண்ணியவான். அன்று காலை சம்சாரத்தோடு என்ன சண்டையோ, எல்லாவற்றுக்கும் 'திருப்தி இல்லை' என்று குத்தித் தள்ளினார். பயணம்கூடக் களைப்பாம்.

முடிவு வந்த அன்று அதிகாரி முகமெல்லாம் பல்லாக என்னைக் கூப்பிட்டார். நான் குடும்பப் பொறுப்புள்ளவளாம், பொறுமைசாலியாம், எடை அறையில்தான் என் திறமை மிளிருமாம். "ஆலையிலயே அதிகத் திருப்தியா இருக்கறது நீங்கதாங்க மேடம். உங்கள இங்கேர்ந்து அசைக்கவே கூடாதுன்னு வந்துருக்கு" என்றார். மாற்றல் கேட்டிருந்தேனே என்று இழுத்தேன். அது ஏதோ மனக்குழப்பத்தில் கேட்டதாக இருக்கும் என்று கணினிக்காக அவரே பரிந்து பேசினார். பெரம்பலூர் இடம் பக்கத்து நாற்காலிக்காரருக்குப் போயிற்று. இடம் மாறினால் அவருக்குத் திருப்தி வந்துவிடுமாம். நாசமாய்ப் போக!

இப்போது தினமும் காலையில் அவர் பஸ் அந்தப் பக்கம் போகிறது, என் பஸ் இந்தப் பக்கம் வருகிறது. மத்தியானத் தூக்கம் போன ஆத்திரத்தில் அவர் ஊரையே திட்டிக்கொண்டிருக்கிறாராம். எனக்கு வயிறு எரிகிறது. மகளிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. சாயங்காலம் மாமியார் போய்க் கையைப் பிடித்து இழுத்தாலும் நகர மாட்டேன் என்கிறாளாம். அம்மா வந்துவிடுவாள் என்று பள்ளி வாசலிலேயே நிற்கிறாளாம்.