பதிலுக்கு வந்த விஞ்ஞானி

விஞ்ஞானி டிவித் தொடரை விட்டுப் போகிறார் என்ற செய்தி ஒரு வார இதழின் கடைசிப் பக்கத்தில், தபால் தலை அளவுப் படத்தோடு, எங்கள் காம்பவுண்டுக்கு வந்து சேர்ந்தது. அவருக்கு சினிமாவில் வாய்ப்பு வந்துவிட்டதாம். இன்னும் மூன்று வாரம்தான் நடிப்பாராம். மூன்றாம் வீட்டு அக்கா அதை வாசித்து முடித்ததும் வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, இது நாயமுங்களா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அடுப்பில் வைத்திருந்த கறிக்குழம்பு அன்று அடிப்பிடித்துப்போனது. அதற்கும் அந்த இதழைத்தான் திட்டினார்.

திருப்பூர் அருள்புரத்தில் பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்தது எங்கள் காம்பவுண்ட். வரிசையாகப் பதினொரு ஒற்றை அறை வீடுகள். நாங்கள் எல்லோரும் தெற்கத்திச் சீமையிலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். முன்னால் இருந்த மாடி வீடு மட்டும் இந்த ஊர்க்காரரான வீட்டுக்காரம்மாவுடையது. கேபிள் இழுத்த கலர் டிவியும் அங்கேதான் இருந்தது. ஞாயிறு காலை பத்தரை மணிக்கு அந்த வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் ஏதோ விசேஷ வீடு என்று நினைக்கத் தோன்றும்.

தொடரின் நாயகரான விஞ்ஞானி ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போவார். அவர்களிடம் இருந்த காசுக்கு அவ்வளவுதான் முடிந்திருக்கிறது என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எங்கள் மொட்டை மாடித் தொட்டியைக்கூட நாங்கள் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்ப்போம். விஞ்ஞானிக்கு உதவியாளனாகத் தகரத்தில் செய்த ஒரு பையன் உண்டு. யார் வந்தாலும் "நீ யாரு?" என்று கேட்பதுதான் அவன் வேலை.

இது புதிதாகத் தொடங்கிய தொடர் அல்ல. வீட்டுக்காரம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அரசாங்க டிவியில் கறுப்பு வெள்ளையில் ஓடி நின்றுபோனது. பல வருடம் கழித்து ஒரு தனியார் சேனல் அதைத் தூசி தட்டிக் கலரில் எடுத்தது. பழைய விஞ்ஞானிக்கு வயதாகிவிட்டதால் இவரைப் போட்டார்கள். முதல் ஒரு மாதம் வீட்டுக்காரம்மா இவரை ஏசாத ஏச்சு இல்லை. "அவரு நடை என்ன, இவன் நடை என்ன! தண்ணித் தொட்டி கழுவ வந்தவனாட்ட இருக்கறானுங்க" என்பார். ஏசிக்கொண்டே ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தார். பிறகு எந்த வாரத்திலிருந்து 'இவன்' அவருக்கு 'அவரு' ஆனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

என் வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்ததைச் சொல்ல வேண்டும். என்னைப் பெற்ற அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா கட்டிங் மாஸ்டர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சித்தி என்று இப்போது எழுதுகிறேனே தவிர, அன்று நான் அவரை அப்படிக்கூடக் கூப்பிட்டது கிடையாது. எப்படியும் கூப்பிட்டது கிடையாது. சோறு வேண்டுமென்றால் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். பள்ளிக்கூடத்துக்குக் காசு வேண்டுமென்றால் காலண்டரைப் பார்த்துச் சொல்வேன். தலை பின்னிக்கொள்ள மூன்றாம் வீட்டு அக்காவிடம் போய்விடுவேன். நான் ஐந்தாம் வகுப்பு. பொதுவாகவே வாய் திறக்காத பிள்ளை என்பதால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இது வித்தியாசமாகத் தெரியவில்லை. வீட்டில் தெரிந்தது.

"என்னத்தா, ஒம்மக எப்பத்தான் வாயத் தொறப்பா?" என்று மூன்றாம் வீட்டு அக்கா ஒருநாள் கேட்டது என் காதில் விழுந்தது. இருவரும் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிசினில் தைப்பவர்கள்.

"தொறக்கும்போது தொறக்கட்டும்க்கா" என்று சித்தி சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏ பிள்ளன்னு கூப்ட்டாக்கூடப் போதும்க்கா. செவரு மாதிரிப் பாத்துட்டுப் போவுது" என்றார். அதுவும் எனக்குக் கேட்டது. கேட்டும் நான் சுவராகத்தான் இருந்தேன்.

இதற்கிடையில் விஞ்ஞானியைத் தடுத்து நிறுத்தும் வேலையில் காம்பவுண்ட் முழுமூச்சாக இறங்கியது. முதலில் சேனலுக்குக் கார்டு போட்டோம். 'நீங்கள் போனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்' என்று மூன்றாம் வீட்டு அக்கா சொல்லச் சொல்ல அவர் மகள் எழுதினாள். அவள் என் வகுப்புதான். பத்துக் கார்டுக்கும் பதில் இல்லை. அதன் பிறகு, திருப்பூரில் ஒரு மனிதருக்குத் துக்கம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் என்ன செய்வார்களோ அதைச் செய்தோம். பனியன் போட்டோம்.

கடைசி வீட்டு அண்ணன் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வேலை பார்த்தார். கழித்துப் போட்ட செகண்ட்ஸ் பீஸ்களைக் கேட்டு வாங்கி, விஞ்ஞானியின் முகத்தை அச்சடித்து, கீழே 'போகாதீங்க' என்று போட்டுக் கொண்டுவந்தார். கலர் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. விஞ்ஞானிக்கு மூன்று கண் இருந்தது.

"வேத்துக் கிரகத்துக்குப் போறவருக்கு ரெண்டு கண்ணு பத்துமாக்கா?" என்று அண்ணன் சமாளித்தார்.

பீஸ்களுக்குக் கையும் இல்லை, கழுத்துப் பட்டியும் இல்லை. அவற்றைத் தைக்கிற வேலை சித்தி தலையில் விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, கம்பெனி மிசினிலேயே எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு வந்தார். மற்றப் பிள்ளைகளை நிற்க வைத்து அளவெடுத்தார். நான் நிற்கவில்லை. ஆனாலும் எனக்கு வந்த பனியன்தான் எல்லோருடையதையும்விடச் சரியாக இருந்தது. பேசாமல் போட்டுக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அருள்புரம் மளிகைக் கடையிலும் பல்லடம் பஸ்ஸிலும் மூன்று கண் விஞ்ஞானி எங்கள் நெஞ்சுகளில் ஏறிப் போய்வந்தார்.

அவருக்கு அது தெரியாது. மூன்றாம் வாரம் சொன்னபடி போய்விட்டார். தொட்டி சந்திரனில் மோதியது. சந்திரனில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. தலை முழுக்கக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். நர்ஸ் ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். கடைசிச் சுற்றில் வேறொரு முகம் வந்தது. திரை அப்படியே நிற்க, கீழே எழுத்து ஓடியது: இனி விஞ்ஞானியாக, இவருக்குப் பதில் இவர்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மூக்கப் பாருங்க, மூக்க! இந்த மூஞ்சியப் பாத்தா ஞாயித்துக்கெழமை எனக்குச் சோறு எறங்குமா சாமி?" என்றார் வீட்டுக்காரம்மா.

"சந்திரன்ல வேற நல்ல மூஞ்சியே கெடைக்கலயாக்கும்?" என்றார் மூன்றாம் வீட்டு அக்கா.

"இவன் மூஞ்சிய ஸ்கிரீன்ல ஏத்துனா ஸ்கிரீன் கிழிஞ்சுரும்" என்றார் கடைசி வீட்டு அச்சு அண்ணன். அவர் மனைவி உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சித்தி கதவோரம் உட்கார்ந்திருந்தார். கம்பெனியிலும் சரி, இங்கேயும் சரி, தானாக முன்வந்து பேசுகிற ஆள் அல்ல. அன்று வீட்டுக்காரம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"ஏங்க்கா, இப்பப் போனாருல்லா, இவரும் ரெண்டாவதா வந்தவருதானக்கா? மொதல்ல இவரையும் நீங்க வஞ்சீங்கன்னு சொன்னாவளே. கொஞ்ச நாள் பாத்தாத்தான என்ன? இந்த ஆளும் பாவம், என்ன பண்ணுவாரு?"

வீட்டுக்காரம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். மூன்றாம் வீட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். விளம்பரத்தில் ஒரு குழந்தை சோப்புக்காகச் சிரித்துக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்குப் பதில் தெரியவில்லை போலிருக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. டிவியைப் பார்த்தபடியே நான் சொன்னேன்:

"யாரு வேணாலும் வந்து உக்காந்துட்டா விஞ்ஞானி ஆயிர முடியுமா?"

நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அதுவுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டுச் சித்தி எழுந்து போனார்.

அன்று மாலையே முடிவாகிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து காம்பவுண்டில் யாரும் தொடரைப் பார்ப்பதில்லை. பிள்ளையார் படத்தின் மேலும் மாதா படத்தின் மேலும், அவரவர் சாமிப்படி, சத்தியம் நடந்தது. நானும் செய்தேன். ஆனால் சத்தியம் செய்த மறுநாளே எனக்குள் அரிப்பு தொடங்கிவிட்டது. தகரப் பையன் என்ன ஆனான்? நொறுங்கிய தொட்டிக்குள் அவன் மட்டும் கிடந்தானே? இதை ராத்திரி அப்பாவிடம் இரண்டு முறை கேட்டேன். அப்பாவுக்குத் தகரப் பையனைத் தெரியாது. "ஏட்டி, தூங்குடி" என்றார். சுவரோரம் படுத்திருந்த சித்தி திரும்பிப் படுத்தார்.

ஞாயிறு வந்தது. பத்தரை மணிக்கு வீட்டுக்காரம்மாவின் கதவு சாத்தியிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தேன். காலையிலேயே வெளியே போயிருந்த சித்தி மதியத்துக்கு மேல்தான் வந்தார். கை கால் கழுவிவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார்.

"அடுத்த தெருவுல தெரிஞ்ச பிள்ள வீட்டுல டிவி இருக்கு" என்றார், என்னிடம் சொல்லாமல் சீப்பிடம் சொல்வதுபோல. "இன்னைக்கி அங்கன போயிப் பாத்தேன். நாஞ் சத்தியம் ஒண்ணும் பண்ணலயே."

நான் அசையவில்லை. எழுந்தும் போகவில்லை. அவர் பின்னலை அவிழ்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

கட்டு அவிழ்ந்ததும் விஞ்ஞானி நேராகத் தன் தொட்டியைத் தேடித்தான் போனாராம். தொட்டி நெளிந்து கிடந்ததாம். மூடி மட்டும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்ததாம். தட்டினால், உள்ளேயிருந்து தகரப் பையன் "நீ யாரு?" என்றானாம். நான்தான் என்றால் அவன் நம்பவில்லையாம். மூஞ்சி வேறு, குரல் வேறு. விஞ்ஞானி மூடியை உடைக்கவில்லையாம். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாராம். அந்த நேரம் பார்த்து, பஞ்சு தின்கிற பூச்சிகள் கூட்டமாக வந்து அவருடைய விண்வெளிச் சட்டையைக் கடித்துக் கிழித்துவிட்டனவாம். அவர் அங்கேயே உட்கார்ந்து, அஞ்சு நூல் ஓவர்லாக் தையல் மிசினில் சட்டையை ஓட்டிப் போட்டுக்கொண்டாராம்.

எனக்குச் சந்தேகம் வந்தது. எதிரே இருந்த சுவரிடம் கேட்டேன்: "சந்திரன்ல ஓவர்லாக் மிசின் இருக்குமா?"

"அவசர ஷிப்மெண்ட்டுன்னா எங்கயும் இருக்கும்."

"அப்புறம் மூடி தொறந்துச்சா?"

"அது அடுத்த வாரம்" என்றார் சித்தி. பின்னல் முடிந்திருந்தது. ரிப்பனும் கட்டியாகிவிட்டது. எப்போது கட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் குழாயடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தோம். பெரியவர்கள் குடத்தோடு நின்றார்கள். தாழ்ப்பாள் போட்ட மூடியைப் பற்றி நான் மூன்றாம் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அதற்குமுன் என்னிடம் இருந்ததே இல்லை.

"மூடியாவது, தாப்பாளாவது!" என்றாள் அவள். "கட்ட அவுத்த ஒடனே ரெண்டு பேரும் செவ்வாய்க்குப் போயிட்டாங்க. தகரப் பையன்தான் ஓட்டுனான்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ சத்தியம் பண்ணுனல்ல?"

அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு, "வீட்டுக்காரம்மாதான் சத்தத்தக் கொறச்சு வச்சுப் போட்டாங்க" என்றாள்.

"நான் பாக்கலீங்க கண்ணு!" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. "டிவி அதும்பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தனுங்க."

அச்சு அண்ணனும் டீக்கடையில் நின்று பார்த்திருக்கிறார் என்பது அப்போது வெளியே வந்தது. "அந்த மூக்கு கிட்டத்துல பாத்தா அவ்வளவு மோசமில்ல" என்றார். குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் ரோஷம் அடங்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"ஒங்க சித்தி டிவியே பாக்கல! ஞாயித்துக்கெழம ஷிப்மெண்ட்டுன்னு மதியம் வரைக்கும் கம்பெனிலதான் இருந்தாங்க, எங்கம்மாவுக்குப் பக்கத்து மிசின்ல. ஒன்னிய ஏமாத்தப் பொய் சொல்லியிருக்காங்க!"

"எங்கம்மா ஒண்ணும் பொய் சொல்ல மாட்டாங்க!" என்று நானும் கத்தினேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாம் வீட்டு அக்கா தன் மகளின் முதுகில் ஒரு அடி வைத்து, "வாய மூடுட்டி" என்றார். உண்மையைச் சொன்னதற்கு அடி விழுந்ததில் அவள் அழுதாள். சித்தி குழாயடியில்தான் நின்றிருந்தார். அவருடைய குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குழாயை நான்தான் போய் அடைத்தேன். பொய் பிடிபட்டுவிட்டது, அந்த வெட்கத்தில்தான் உள்ளே ஓடிவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் பரிந்து பேசினேனே, கடைசியில் பொய்யேதானா என்று கோபமும் வந்தது. அப்போதும் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தியை நான் என்னவென்று சொன்னேன் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டிருந்தது. எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை.