தவளைக்குக் கண் வைத்தவள்

"தவளைக்குக் கண்ணு வச்சது நான், பேரு வாங்கினது நாற்காலி!"

ஜப்பானில், ஒசாகாவை ஒட்டிய அமாகசாகியில், கூரை போட்ட கடைத்தெருவில் உருளைக்கிழங்கு கொரோக்கே பொரித்து விற்கும் கன்பாரா தொமோயே இதைச் சொல்லாமல் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. உள்ளே கிழங்கு மசிக்கும் புருஷனிடமிருந்து ஒரே பதில்தான். "சரிடி, தவளை எங்கயும் தாவிடாது. எண்ணெய் புகையுது பாரு."

கல்யாணத்துக்கு முன் அவள் நிஷிவாகி தொமோயே. ஒசாகாவில் ஹோஷிகுரா என்ற கம்பெனியில் படம் போடும் வேலை. காபிக் கடைகளுக்கு வீடியோ விளையாட்டு மேஜைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த கம்பெனி அது. வீட்டு டிவியில் சொருகி ஆடும் கேசட் வந்ததும் முதலாளி அதில் குதித்தார். குடை பிடித்த தவளை ஒன்று மழையில் வீடு போய்ச் சேர வேண்டும், அதுதான் ஆட்டம். அந்தத் தவளையைப் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தவள் தொமோயே. பதினாறுக்குப் பதினாறு கட்டம், அதற்குள் அழப்போகிற மாதிரி ஒரு முழி. அந்த முழிக்காகவே கேசட் பறந்தது.

ஆட்டம் முடிந்தால் செய்தவர்கள் பேர் திரையில் ஓடும். சொந்தப் பேர் போட்டால் போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று முதலாளிக்குப் பயம். பட்டப்பேர் வைத்தார். அதுவும் ஆளுக்கு இல்லை, நாற்காலிக்கு. ஜன்னலோர நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் 'கொட்டாவி'. அப்படித்தான் தொமோயே கொட்டாவி ஆனாள்.

எண்பத்தேழில் கல்யாணம் நிச்சயமானது. அந்தக் காலத்துப் பெண்களைப் போலவே கம்பெனி கொடுத்த பூங்கொத்தை வாங்கிக்கொண்டு வேலையை விட்டாள். வரைந்த தாள்கள் கம்பெனி அலமாரியிலேயே கிடந்தன. அவள் நாற்காலிக்கு ஷிகெமித்சு வந்தான். இரண்டாவது, மூன்றாவது தவளை ஆட்டங்கள் அவன் கைவேலை. பேர் அதே கொட்டாவி.

கம்பெனி பெரிதாகக் கட்டடம் கட்டியது, நொடித்தது, இன்னொன்றோடு சேர்ந்தது, கடைசியில் பெயர்ப்பலகையும் இறங்கியது. அலமாரித் தாள்கள் குப்பை லாரியில் போயின.

போன வருஷம், உரிமையை வாங்கிய டோக்கியோ கம்பெனி தவளையின் நாற்பதாம் ஆண்டுக்குப் படப்புத்தகம் போடுவதாகச் சொன்னது. இந்தமுறை உண்மையான பேர்களோடு. தொமோயே கடிதம் போட்டாள். கொட்டாவி தான்தான் என்று ஷிகெமித்சு அவர்கள் உறுதி செய்துவிட்டார், உங்களிடம் ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. எதை அனுப்புவாள், கல்யாணப் பூங்கொத்தையா?

நேரே ஷிகெமித்சுவுக்கே போன் போட்டாள்.

"கொரல் கேட்டதுமே தெரிஞ்சிருச்சுக்கா."

"தெரிஞ்சா சரி. மொத தவளைய வரைஞ்சது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப அத அவங்ககிட்ட சொல்லு."

ஷிகெமித்சு இழுத்தான். "முப்பது வருஷமா மேடையில ஏத்தி என்னத்தான் கைதட்டுறாங்க. மொதல்ல ஒருத்தன் தப்பா நெனச்சுக் கேட்டான், நான் இல்லைன்னு சொல்லல. இப்ப பேரப்புள்ளைங்க தாத்தாவோட தவளைன்னு பொம்மையக் கட்டிப்புடிச்சுத்தான் தூங்குதுங்க."

"பொம்மைய நான் புடுங்கல. பேரத்தான் கேக்கறேன்."

"சொல்றேன்க்கா. கண்டிப்பா சொல்றேன்."

புத்தகம் அச்சுக்குப் போக இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் தொமோயே புலம்பவே இல்லை. "என்னடி, ஒடம்புக்கு முடியலயா?" என்று புருஷனே பயந்து கேட்டார்.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் முதல் தவளை. கீழே வரைந்தவர் பேர் ஷிகெமித்சு. மூன்றாம் நாள் ஷிகெமித்சுவிடமிருந்து, மரப்பெட்டியில் வைத்து, விலை கூடிய ஒரு முலாம்பழம் வந்தது. அதில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

"திருப்பி அனுப்பிடு," என்றார் புருஷன்.

"பழம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அதைக் கீறி, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். தான் ஒரு துண்டும் தொடவில்லை. வந்த பரிசுக்குப் பதில் அனுப்பாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது, இழவு வீட்டுக்காரர்கள்கூட அனுப்புவார்கள். தொமோயே அனுப்பவில்லை. அவள் போட்ட சண்டை அவ்வளவுதான். மறுநாள் காலையில் அடுப்பைப் பற்ற வைத்ததும் பழைய புலம்பல் திரும்பிவிட்டது.

அந்தப் பக்கம் போனால் அவளைப் போய்ப் பாருங்கள். நாலு மணிக்கு மேல் கொரோக்கே சூடாக இருக்கும். கட்டிக் கொடுக்கும் தாளில் தவளை வரையச் சொல்லுங்கள், திட்டிக்கொண்டே வரைவாள். கொட்டாவி என்று மட்டும் கூப்பிடாதீர்கள். நிஷிவாகி அக்கா என்று கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமாகும். அந்தப் பேரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாயிற்று.