உருமா கட்டிய கை

என் அக்கா மகனுக்கு முதன்முதலில் சாராயம் ஊற்றிக் கொடுத்தவன் நான்தான். அதுவும் ஒரு தமிழாசிரியன். அவன் அப்பாவின் கருமாதியன்று, தாய்மாமன் முறைக்கு அவன் தலையில் உருமாத் துண்டு கட்டினேன். பதினாறு வயது. தம்ளரைப் பார்த்ததும் குமட்டி விலகினான். "உருமா கட்டியாச்சு, இனிமே நீதான் வூட்டு ஆம்பள. குடிடா" என்றேன்.

அதன்பின் அவன் நிறுத்தவில்லை. நான் குடியை விட்டேன். அவனைக் கள்ளக்குறிச்சியில் இருமுறை சிகிச்சைக்குச் சேர்த்தேன், இருமுறையும் ஓடிவந்துவிட்டான்.

போன மாதம் கரியாலூரில் உறவுக்காரர் வீட்டுக் கருமாதி. அங்கே தலையில் உருமாவோடு நின்ற பையனிடம் என் அக்கா மகனே தம்ளரை நீட்டினான்.

"சின்னப் பையன்டா, வேணாம்" என்று கையைப் பிடித்தேன்.

"இன்னா மாமா, நீங்க குடுத்தா முறை, நான் குடுத்தா தப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிடித்த கையை விட்டுவிட்டேன். பையன் குடித்தான். ஏன் விட்டேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.