ஷூ போட்ட ஆட்டுக்குட்டி

டிவியில் விளம்பரம் வந்தால் இன்றும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். பொம்மை ஒன்று ஆடிப் பாடி எதையாவது விற்கிறது என்றால் காதையும் பொத்திக்கொள்வேன். மருமகன் கிண்டல் செய்வார். செய்யட்டும். அப்படி ஒரு பொம்மைக்கு முகமும் காலும் வரைந்தவள் நான் என்று அவருக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் ஆம்பூரில், குழந்தைகள் ஷூ தைக்கும் ஒரு கம்பெனியில் பேட்டர்ன் செக்‌ஷனில் இருந்தேன். அட்டையில் வெட்டிய அச்சைத் தோலின் மேல் வைத்துக் கோடு போடும் வேலை. அதுவும் டெம்பரரி. என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று நெஞ்சு கெட்டுப்போய்க் கட்டிலோடு கிடந்தார். அவர் இரும ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுவிடும். வேலை நிரந்தரமானால் ஈ.எஸ்.ஐ. கார்டு கிடைக்கும். கார்டு இருந்தால் டாக்டர், மாத்திரை, ஆஸ்பத்திரிப் படுக்கை எல்லாம் அவருக்கும் உண்டு. அந்த வருஷம் எனக்குச் சாமியும் அந்தக் கார்டுதான், மூச்சும் அந்தக் கார்டுதான்.

கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் படுத்துவிட்டது. இனி உள்நாட்டில் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். அப்போதுதான் ஊருக்குள் கலர் டிவி நுழைந்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரமாகப் பார்த்து ஒரு பொம்மை விளம்பரம் விட்டால் ஷூ தானாக நடந்து போய்விடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஷூ விற்றால் செக்‌ஷனில் எல்லோரும் நிரந்தரம் என்று அவரே எங்கள் முன்னால் வந்து நின்று சொன்னார். முழுகுகிறவள் கையில் துரும்பு கிடைத்தால் அது எந்த மரத்துத் துரும்பு என்றா கேட்பாள்?

பொம்மை வரைய மெட்ராஸிலிருந்து ஒரு படக்காரர் வந்தார். வந்த அன்று தோல் நாற்றத்துக்கு மூக்கிலிருந்து கர்ச்சீப்பை எடுக்கவில்லை. நான்கைந்து நாளில் கர்ச்சீப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. பொம்மைகளின் கதையை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். முன்பெல்லாம் விளம்பரப் பொம்மைகள் டப்பாவிலும் சுவரிலும் அசையாமல் நின்றனவாம். பிறகு சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் கண்ணாடி ஸ்லைடில் வந்து நின்றன. அங்கேயும் அசைவு கிடையாது. எழுபதுகளில்தான் கொட்டகைத் திரையில் துள்ள ஆரம்பித்தன. அது எனக்கே தெரியும். பல்பொடி விற்ற ஒரு அணிலைப் பார்ப்பதற்காக இடைவேளையில் முறுக்கு வாங்கப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது டிவி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன என்றார். "ஜனங்க பொருளை மறந்துடுவாங்கம்மா, பொம்மையை மட்டும் மறக்கவே மாட்டாங்க."

என்ன பொம்மை வைக்கலாம் என்று எங்களையே கேட்டார்கள். ஆட்டுக்குட்டி என்றோம். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நல்ல ஷூவுக்கு வேறென்ன அடையாளம்? பிறந்த குழந்தையின் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கூட ஆட்டுக்குட்டித் தோல் மாதிரி இருக்கிறது என்றுதான் மெச்சுவோம். தோல் என்றால் எங்களுக்குப் பீஸ். லாரியில் வரும், உப்பை உதறுவோம், தடவுவோம், வெட்டுவோம். அதற்குள் ஒரு ஆடு இருந்தது என்பது ஒருவருக்கும் நினைவில் இருக்காது. படக்காரர் மட்டும் முதல்நாள் "ஆடா?" என்று இழுத்தார். பிறகு நாற்றம் பழகின மாதிரி அவருக்கும் அது பழகிவிட்டது.

ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தாள். முக்கியமான நிலைகளை அவர் வரைவார், இடையில் வருகிறதை எல்லாம் நாங்கள் வரைய வேண்டும். தோலில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற, அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேஜையின் மேல் தாளைப் பரப்பினோம். தாள் நகராமல் இருக்க, ஷூ லேஸுக்கு ஓட்டை போடும் பஞ்ச் உளியால் ஓரத்தில் அடித்து ஆணியில் மாட்டினோம். எனக்குக் கோடு பிசகாது என்று முகத்தையும் காலையும் என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஆட்டுக்குட்டி துள்ளி வரும், ஷூவுக்குள் காலை விடும், நம்மைப் பார்த்துச் சிரித்து "போட்டுக்கோ கண்ணு, ஓடலாம், ஆடலாம்" என்று சொல்லும். அந்தச் சிரிப்பை எத்தனை தாளில் வரைந்தேனோ, கணக்கே இல்லை. வரைகிறவர்களின் முகமும் வரைகிற முகம் போலவே ஆகிவிடும் என்பார் படக்காரர். வீட்டுக்கு வந்து கஞ்சி ஊற்றும்போதும் என் வாய் அப்படியே இழுத்துக்கொண்டு நிற்கும். இன்னாத்துக்கு சிரிக்கற என்று வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து கேட்பார். கார்டு வரப்போகுது என்பேன்.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், கம்பெனி கேன்டீனில் டிவியை வைத்து எல்லோரையும் குடும்பத்தோடு கூப்பிட்டார்கள். ஒன்றாம் வகுப்பு முடித்திருந்த என் மகள் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டுக்குட்டி வந்தது, சிரித்தது, போய்விட்டது. மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. கைதட்டலில் கேன்டீன் தகரம் அதிர்ந்தது. மகள் தட்டவில்லை. என் முகத்தைத் திருப்பிப் பிடித்துக் கேட்டாள்.

"மா, அது போட்டுக்கினு இருக்கறது அவங்கம்மா தோலா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் அவள் கன்னத்தைக் கிள்ளி, இன்னா மூளை பாரு என்றார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடங்கள் திறந்தன. மெட்ராஸுக்குப் போன பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வந்த மேனேஜர் செக்‌ஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கடையில் அந்த ஷூவை எடுத்தாலே பிள்ளைகள் அழுகிறார்களாம். ஆட்டுக்குட்டி செத்துப்போச்சா என்று கேட்கிறார்களாம். பெற்றவர்கள் பேஜார் எதற்கு என்று வேறு ஷூவைக் காட்டச் சொல்கிறார்களாம். உங்க ஊர்ல ஒருத்தருக்குமா தோணல என்று ஒரு கடைக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். படக்காரர் வாக்கு பலித்துவிட்டது. பொம்மையை ஒருத்தரும் மறக்கவில்லை.

நான் முதலாளி அறைக்கு ஓடினேன். வேறு பொம்மை வரைகிறேன், பந்து வரைகிறேன், சூரியன் வரைகிறேன், தூங்காமல் வரைகிறேன் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. என்னைவிட மோசமாக உட்கார்ந்திருந்தார். "டிவிக்காரன் இன்னொரு தபா சும்மாவாம்மா போடுவான்?" என்றார், அவ்வளவுதான். அந்த வாரமே செக்‌ஷனை மூடினார்கள். திரும்பி வந்த பெட்டிகளிலிருந்து, பிள்ளை உள்ளவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்து அனுப்பினார்கள். கார்டு கேட்டவளுக்கு ஷூ. வந்த ஆத்திரத்துக்கு அதைப் பாலாற்றில் எறிந்திருப்பேன், பாலாற்றில் தண்ணீர் ஏது? மகளின் பள்ளிக்கூடத்தில் ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று வேறு சொல்லியிருந்தார்கள். மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கார்டு வரவே இல்லை. வீட்டுக்காரர் அடுத்த பொங்கலைப் பார்க்கவில்லை. அவர் போன நாள்கூட எனக்கு இப்போது மங்கிவிட்டது. அந்த ஷூ வந்த பிறகான திங்கட்கிழமைக் காலை மட்டும் மங்க மாட்டேன் என்கிறது.

மகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் பாவாடைக்குள் மடக்கி மூலையில் உட்கார்ந்திருந்தாள். போட மாட்டேன் என்று ஒரே அழுகை. கெஞ்சினேன், மிரட்டினேன், முதுகில் ஒன்று வைத்தேன். உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார். தெருவில் மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். இவள் படிப்பாவது நிலைக்க வேண்டுமே. முட்டிபோட்டு உட்கார்ந்து, ஷூவை விரித்துப் பிடித்தேன்.

"போட்டுக்கோ கண்ணு, ஓடலாம், ஆடலாம்" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலை நீட்டி என் உதட்டோரத்தைத் தொட்டாள்.

"நீ அந்த ஆட்டுக்குட்டி மாதிரியே சிரிக்கறம்மா."

பிறகு காலை நீட்டினாள். நான் லேஸைக் கட்டினேன்.