கழுவிப்போன களிமண்

யுத்தம் முடிந்த மறுவருடம், கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் நானும் சுதாவும் பயிற்சிப் புவியியலாளர்கள். நான் சாய்ந்தமருது முஸ்லிம், அவள் காரைதீவுத் தமிழ்ப்பிள்ளை. அடுத்தடுத்த ஊர்தான், ஆனாலும் யுத்தம் எங்களைக் கதைக்கப் பழக்கவில்லை. அங்கே நான் யாரோடும் கதைப்பதில்லை.

ஆழத்திலிருந்து சேற்றோடு வரும் கல்துகள்களைச் சல்லடையில் அலசி, என்ன பாறை என்று எழுத வேண்டும். நான் 'சுத்தமான மணல்' என்றே எழுதிவந்தேன். பயிற்சியாளர் அறிக்கையைத் தூக்கி எறிந்தார். கழுவாத மாதிரியில் பாதி களிமண்ணாம். நான் தேய்த்த தேய்ப்பில் அது போய்விட்டதாம். இன்னொரு பிழை விட்டால் வீட்டுக்குப் போகலாமாம்.

வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

சுதா என் சிவந்த விரல்களைப் பார்த்தாள்.

"சுனாமிக்குப் பொறகு வீடு கழுவினீங்களா?"

"ஓம். சேத்துக்குள்ளால உம்மாட மையத்து எடுத்த அறை. ஒரு மாசம் தனியாக் கழுவினன்."

என் தாயின் உடல் என்று விளங்கியதும், சல்லடையை வாங்கித் தண்ணீருக்குள் மெல்ல ஆட்டிக் காட்டினாள்.

"நானும் கழுவினன். மெல்லமா அலசுங்க. இது வேற சேறு. இதுக்குள்ள ஒருத்தரும் இல்ல."

அவளுக்குப் பக்கத்தில் நின்று அடுத்த மாதிரியை அலசினேன். விரலிடுக்கில் சாம்பல்நிறக் களிமண் ஒட்டியது. துடைக்காமலே 'பாதி களிமண்' என்று எழுதினேன்.

இன்று புதியவர்களுக்கு நான்தான் பயிற்சியாளன். யாராவது அழுத்தித் தேய்த்தால் அறிக்கையை எறிவதில்லை. எந்த ஊர், அங்கே எதைக் கழுவினீர்கள் என்று கேட்பேன்.