ஒரு வாஷர் கூடுதல்

எண்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஒருவர், ஒரு மத்தியானம் ரிமோட் காரோடு வந்தார். நீண்ட விரல்கள், அத்தர் வாசனை. பேசும்போதே என் மேசைத் திருகுகளை இடைவெளியில்லாமல் ஒட்டி ஒட்டி அடுக்கினார்.

"நாளைக்கு ஃப்ளைட். பின்சக்கரத்தைச் சுத்தவைக்கிற டிபரன்ஷியலை நானே கழட்டி மாட்டினேன். இப்ப சுத்தவே மாட்டேங்குது."

சொல்லிக்கொண்டே ரிமோட்டை அழுத்தினார். மோட்டார் முனகியது, சூடேறியது. கருகிவிடும் என்ற பதற்றத்தில் ரிமோட்டைப் பிடுங்கினேன். டிபரன்ஷியல் மூடியின் திருகுகளைத் தளர்த்தினேன், சக்கரம் சுழன்றது. இறுக்கினேன்; நின்றது. திறந்தால், பல்சக்கரத்தின் அடியில் ஒரு வாஷர் கூடுதல்.

"இது எதுக்கு சேட்டா?"

"உள்ள ஆட்டம் இருந்துச்சு. ஊருக்குப் பெட்டி கட்டறப்போ இடம் விட்டா சாமான் உடைஞ்சுடும்ல?"

"இதுக்குக் கொஞ்சம் ஆட்டம் வேணும்."

வாஷரை எடுத்ததும் கார் சீறிக்கொண்டு ஓடியது. அவர் சிரிக்கவில்லை. காரைப் பிடித்து, திறந்து, அதே வாஷரை உள்ளே போட்டு இறுக்கினார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"என்ன பண்றீங்க?"

"ஓடினப்போ என் மோள், அந்தக் குட்டிப் பொண்ணு, எங்கிட்ட வரவே இல்லை. நின்னப்போதான் பக்கத்துல வந்து இருந்தா, ஸ்க்ரூ எடுத்துக் குடுத்தா. இன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேருமா திறக்கறோம்."

வாசலில் திரும்பி, "எடுத்தா ஓடும்ல?" என்றார்.

"ஓடும்."

அவள் அந்த வாஷரைச் சீக்கிரம் கண்டுபிடித்திருக்கக் கூடாதே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.