தட்டையான ஓரம்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், கிருமிப் பரிசோதனை அறையில், இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளுக்கு மாடி வார்டுக்காரர்கள் வைத்த பெயர் ஸ்கேல் அக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

நோயாளியின் சீழிலிருந்து வளர்த்த கிருமியைத் தட்டு முழுக்கப் பூசி, அதன்மேல் மருந்து ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைப்பாள். மருந்துக்குப் பயந்து கிருமி ஒதுங்கிய இடம், மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையமாகத் தெரியும். அதை ஸ்கேலால் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று எழுதி அனுப்புவாள். "அக்கா பாத்தாங்களா? அப்ப சரி" என்று டாக்டர்கள் மறுபேச்சில்லாமல் மருந்தெழுதுவார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் காலத்தை ஓட்டினாள். வீட்டில் காத்திருக்க ஆளில்லை.

அன்று காலை தங்கை போன் செய்தாள்.

"இந்த வருஷமும் வர முடியாதுக்கா. பிள்ளைங்களுக்குப் பரீட்சை."

"பரவாயில்லடி, படிக்கட்டும்."

பரவாயில்லை என்றது சுத்தப் பொய். அவர்களுக்காகப் புதுத் தலையணை உறைகள் வாங்கி வைத்திருந்தாள். அந்த நினைப்போடுதான் அன்றைய தட்டுகளை அளந்தாள். பத்து மணிக்கு ரிப்போர்ட்டுகள் மாடிக்குப் போயின.

மதியம் மற்றவர்கள் கேன்டீனில் கூடிச் சாப்பிட்டார்கள். ஒரு காலத்தில் இவளையும் கூப்பிட்டவர்கள்தான். வேலை இருக்கிறது என்று இவள் சொல்ல, அவர்களும் அதை நம்பித் தொலைத்தார்கள். இவள் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, நீராவியில் அழிக்க ஒதுக்கிய தட்டுகளை வழக்கம்போல ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

கால் புண் நோயாளியின் தட்டை மட்டும் இரண்டாம் முறை தூக்கிப் பார்த்தாள். கிளிண்டாமைசின் மருந்தின் வளையம் வட்டமாக இல்லை. பக்கத்து எரித்ரோமைசின் வில்லையைப் பார்த்த பக்கம் மட்டும் கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருந்தது. பக்கத்து மருந்தின் வாடை பட்டதும் இந்த மருந்திடமிருந்தும் தப்பக் கற்றுக்கொள்ளும் கள்ளக் கிருமி அது. அளவு எத்தனை வந்தாலும் கேட்காது என்றுதான் எழுத வேண்டும். இவள் மேலிருந்து கீழாக மட்டும் அளந்து, இருபத்துநாலு மில்லிமீட்டர், கேட்கும் என்று எழுதிவிட்டாள்.

இன்னும் அரை மணி நேரத்தில் தட்டு நீராவிக்குப் போய்விடும். பிறகு ஒருத்தருக்கும் தெரியாது. அப்படியே விட்டுவிடலாம் என்ற ஆசை வராமல் இல்லை.

மற்ற வளையங்களை இரண்டு பக்கமும் அளந்துவிட்டு வார்டுக்குப் போன் போட்டாள்; யாரும் எடுக்கவில்லை. படியேறி ஓடினாள். கட்டுப்போட்ட காலோடு ஒரு வேன் டிரைவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் மாத்திரைப் பை. வீட்டுக்கு அனுப்பும் தாளில் டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அந்த மாத்திரை இவருக்குக் கேட்காது. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

ஆறு வருஷமாக இவள் எழுதியதை நம்பி மருந்து கொடுத்த மனிதர்.

"கீழ... ஸ்கேல் அக்கா."

"அப்ப என் காலு?" என்றார் டிரைவர்.

"வேற மருந்து கேட்குதுங்க. இப்ப ரெண்டு பக்கமும் அளந்துட்டுத்தான் வந்தேன்."

மாத்திரைப் பையை டாக்டர் வாங்கிக்கொண்டு வேறு மருந்து எழுதினார். மாலையில் லேப் மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே உங்க தட்டை இன்னொருத்தரும் பாக்கணும். அவர் கையெழுத்து இல்லாம மேல அனுப்பாதீங்க." சரி என்று தலையாட்டிவிட்டு, கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அக்கா பார்த்தால் சரி என்ற பேச்சு அன்றோடு போயிற்று.

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "எனக்கே வேலை தலைக்கு மேல கிடக்கு. எங்க உக்கார்றது?"

இன்னொரு ஸ்டூலை அவள் காலையிலேயே துடைத்துப் பக்கத்தில் போட்டிருந்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் தட்டை அளந்தார்.

"பத்தொன்பது. உங்களுக்கு?"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெட்கத்தை மீறிச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கும் பத்தொன்பதுதான். ஆனாலும், "இருங்க, இன்னொரு தடவ சேர்ந்து பாப்போம்" என்றாள்.